வடசேரிப் பட்டறை நகையும் குந்தவை பிராட்டியார் கணக்கும்

என் மகளின் அரங்கேற்றத்துக்காக வடசேரியில் ஒரு சின்னப் பட்டறையில் நகை செட் செய்து வாங்கினோம். தலைசாமான், காதுக்கு ஜிமிக்கியும் மாட்டலும், கழுத்துக்கு அட்டிகை, பதக்கம் வைத்த நீள மாலை, கைக்கு வங்கி, இடுப்புக்கு ஒட்டியாணம் என்று முழு செட். வெள்ளித் தகட்டில் கெம்பு என்கிற சிவப்புக் கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, அழுத்திய கைவேலை. வாங்கிய கையோடு எழுதியிருந்தால் பளபளப்பைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன். அரங்கேற்றம் முடிந்து, அப்புறம் கோயில் மேடைகளிலும் பள்ளிக்கூட விழாக்களிலும் வியர்வையில் நனைந்து, ஒரு கோடையையும் நம் ஊர் மழைக்காலத்தையும் அந்த நகை பார்த்துவிட்டது. இப்போது தைரியமாக எழுதலாம்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். மொத்தச் செலவு லட்சத்தைத் தாண்டியது. கொடுத்த காசுக்குக் குறைவில்லை. குறைகள் சில உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நகையைவிடவும் எனக்குப் பெரிதாகப் பட்டது அவர்கள் கொடுத்த கணக்கு. நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பில்லைப் புரட்டுகிறவளுக்குக் கல் நகை பில் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். மொத்த எடை, செய்கூலி, வரி, அவ்வளவுதான். அந்த மொத்த எடைக்குள் கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு, நூல் எவ்வளவு என்று கேட்டால் "எல்லாம் சேர்த்துத்தான் மேடம்" என்று பதில் வரும். இந்தச் செட்டுக்காக முதலில் ஏறி இறங்கிய ஒரு பெரிய கடையிலும் அதே பதில்தான். என்ன கல் என்று கேட்டதற்கு, கெம்பு என்பதற்கு மேல் அங்கே நின்ற பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வடசேரிப் பட்டறையில் ஜிஎஸ்டி பில்லோடு ஒரு கோடு போட்ட தாளும் தந்தார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியாக எழுதியிருந்தது. ராக்கொடிக்கு, அதாவது பின்தலையில் வைக்கிற வட்ட நகைக்கு, இருப்பதை அப்படியே தருகிறேன்: "வெள்ளி 38 கிராம். அரக்கு 6 கிராம். தங்க ரேக்கு 400 மில்லி. சிவப்பு 57, பச்சை 8, வெள்ளை 1. சிவப்பில் 2 நிறம் மட்டு. எல்லாம் செயற்கைக் கல்."

விற்கிறவரே இரண்டு கல் நிறம் மட்டு என்று கைப்பட எழுதித் தருகிறார். இப்படியொரு கணக்கை அதற்கு முன்னால் நான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

ராஜராஜன் தன்னுடைய 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010ஐ ஒட்டி, ஒரு உத்தரவு போட்டான். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்பது அந்த உத்தரவு. அக்கன் என்றால் குந்தவை. பெண்டுகள் என்றால் அவனுடைய தேவிமார். தான் கொடுத்ததைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே அக்காவைச் சொல்கிறான், தேவியரைச் சொல்கிறான். அதிகாரிகளும் படைகளும் மற்றவர்களும் அதற்குப் பின்னால்தான். வீட்டுப் பெண்கள் கொடுத்ததைத் தன் பெயரில் வரவு வைத்துக்கொள்ளாத அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்த ராஜா மேல் மரியாதை.

குந்தவை பிராட்டியார் அந்தக் கோயிலில் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளில் இரண்டு அம்மன்கள் உண்டு. இருவருக்கும் உமாபரமேஸ்வரி என்றே பெயர். இவர்களோடு தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருமேனி செய்து வைத்தார். அப்பா சுந்தர சோழரைப் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்" என்று கல்வெட்டு சொல்கிறது. காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் இறந்துபோனவர் அவர். அந்த மகள் அப்பாவின் உருவத்தைச் செய்து, தம்பி கட்டிய கோயிலில் வைத்து, அதற்கு நித்தம் படையலுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்.

அந்த அம்மன்களுக்குப் பிராட்டியார் போட்ட நகைப் பட்டியலைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பது. தோடு, வாளி, ஏகவல்லி, பாசமாலை, திருப்பட்டிகை, சூடகம், திருவடிக்காறை, மோதிரம் என்று போகும். தங்கத்தை நிறுக்க "ஆடவல்லான்" என்று பெயர் வைத்த எடைக்கல், ரத்தினம் பதித்ததை நிறுக்க "தட்சிணமேரு விடங்கன்" என்று பெயர் வைத்த எடைக்கல். இரண்டு 'சாமி' பெயரும் சும்மா வைத்ததாக எனக்குப் படவில்லை. சாமி பெயர் சொன்ன கல்லில் யார் துணிந்து தட்டை அழுத்துவார்கள்? கணக்கு கழஞ்சு, மஞ்சாடி, குன்றியில் வரும். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு இன்றைக்கு ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்தால், குன்றி என்பது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. அதற்கும் கீழே பின்னம் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட என்னைக் கட்டிப்போடுவது முத்துக் கணக்கு. முத்து இத்தனை என்று எண்ணிக்கை போட்டுவிட்டு விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று தரம் பிரித்துச் சொல்கிறார்கள். உருண்டையானது எது, சொரசொரப்பானது எது, இரண்டு ஒட்டிப் பிறந்தது எது, தட்டையானது எது, நீரோட்டம் எந்த நிறம் என்று அத்தனையும் பதிவு. வயிரத்தில் புள்ளி, வெடிப்பு, சிவப்புப் பொட்டு, கறுப்புப் பொட்டு, வெந்தது போன்ற அடையாளம் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறார்கள். மாணிக்கத்தில் குழி இருந்தால், துளை இருந்தால், வெள்ளைப் பொறி இருந்தால் அதுவும் உண்டு. நூலையும் சட்டத்தையும் அரக்கையும் எங்கே எடையில் சேர்த்தார்கள், எங்கே நீக்கினார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

நாட்டையே ஆண்ட குடும்பத்துப் பெண், சாமிக்கு நகை போடுகிறார். அதில் கறட்டு முத்து இருக்கிறது என்று சுவரில் வெட்டி வைக்க அவர் வெட்கப்படவில்லை. பின்னால் வருகிறவன் எவனும் நல்ல முத்தை எடுத்துவிட்டுக் கறட்டு முத்தைக் கோர்த்துவைக்க முடியாதபடி செய்த காவல் அது. அந்த நகைகளில் ஒன்றுகூட இன்று கண்ணால் பார்க்கக் கிடைக்காது. கணக்கு மட்டும் ஆயிரம் வருஷமாக நிற்கிறது.

சரி, பட்டறைக்கு வருகிறேன். வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். மாடியில் ஒரே அறை, பெயர்ப்பலகை கிடையாது. ஆசாரி தன் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. நாகர்கோவில் பக்கம் நடனம் சொல்லிக்கொடுக்கும் எந்த டீச்சரிடம் கேட்டாலும் வடசேரியில் கைவேலை செய்யும் நாலைந்து பட்டறைக்காவது வழி சொல்வார்கள். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து நாட்டியக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். தக்கலையில் இருந்துகொண்டு நாங்கள் முதலில் சென்னைக் கடைகளின் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலை நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். வெள்ளித் தகட்டை உருவத்துக்கு வெட்டி, விளிம்பு கட்டி, பற்றவைக்கிறார்கள். கல் உட்காரப் போகும் குழிகளில் அரக்கைச் சூடு காட்டி இறக்குகிறார்கள். அரக்கு இளகி இருக்கும்போதே கல்லை வைத்து நிமிர்த்தி விட வேண்டும். அப்புறம்தான் தங்க ரேக்கு. வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது, மூச்சு விட்டால் பறக்கிறது. அதைப் பொடிக் கீற்றாகக் கத்தரித்து, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையில் வைத்து, முனை மழுங்கிய கம்பியால் அழுத்தி அழுத்திக் கல்லின் கழுத்தைச் சுற்றி ஏற்றுகிறார் ஆசாரி. ஒரு கல்லுக்கு எத்தனை அழுத்தல் என்று எண்ண முடியவில்லை. அழுத்தி முடித்தபின் கம்பியின் பக்கவாட்டால் தேய்த்தார், அதுவரை மங்கலாக இருந்த ரேக்கு சட்டென்று ஒளி விட்டது. கல்லை நகம் வைத்து நெம்பிப் பாருங்கள் என்று என் மகளிடம் நீட்டினார். அசையவில்லை.

"அரக்கை எதுக்கு அண்ணாச்சி தனியா எழுதுறீங்க, யாரும் எழுத மாட்டாங்களே" என்று கேட்டேன்.

"அரக்குக்கு வெள்ளி விலை வாங்கிட்டு நான் எங்க கொண்டு போவேன்? கல்லு விழுந்தா எங்கிட்டதானே கொண்டு வருவிய. அன்னைக்கு எடை போட்டுப் பார்த்தா தெரிஞ்சுபோவும்" என்றார். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். கோயிலுக்கு நகை செய்து கொடுக்கும்போது நிறுத்து எழுதி வாங்குவார்கள், அந்தப் பழக்கம் நடன செட்டுக்கும் வந்துவிட்டது என்றார்.

தஞ்சைக் கல்வெட்டில் கோயில் வேலைக்காரர் பட்டியல் ஒன்று இருக்கிறது. கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் வந்த ஊர், குடியிருந்த வீடு எல்லாம் அதில் வரும். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர் எல்லாரும் இருக்கிற அதே பட்டியலில் "ரத்னத்தய்யான்" என்று ஒரு வேலை வருகிறது, ரத்தினத்தைக் கோர்த்துத் தைக்கிறவர். "கண்காணி தட்டான்" என்று ஒன்று வருகிறது, பொன் வேலையைக் கண்காணிக்கிற தட்டார். ஆடுகிறவர்களையும் அணி செய்கிறவரையும் அதைச் சரிபார்க்கிறவரையும் ஒரே சுவரில் வைத்திருக்கிறார்கள். வடசேரியில் அந்த மூன்றாவது ஆள் வேலையையும் இந்த ஆசாரி தானே செய்துகொள்கிறார்.

இனி ஒவ்வொரு உருப்படியாக.

ராக்கொடிதான் செட்டிலேயே அழகு. நடுவில் ஒரு அன்னம், கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. அன்னத்தின் கண் அந்த ஒற்றை வெள்ளைக் கல். சுற்றிலும் சிவப்புக் கல் இரண்டு வரிசை, வெளி வரிசை கொஞ்சம் சரிவாக வைத்திருப்பதால் மேடை விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதாவது ஒரு பாதி மின்னிக்கொண்டிருக்கும். ஆடுகிறவள் திரும்பி நிற்கும்போது பார்வையாளருக்குத் தெரிவது இந்த ஒரு நகைதான். நிறம் மட்டு என்று எழுதிய இரண்டு கல்லும் கீழ்ப்பக்கம், பூச்சரம் மறைக்கும் இடத்தில் இருக்கின்றன. தெரிந்தே அங்கே வைத்திருக்கிறார்.

நெற்றிச்சுட்டி வகிட்டில் நகராமல் நிற்கிறது. பின்பக்கம் வளையம் இரண்டு இடத்தில் வைத்திருப்பதுதான் காரணம். சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் அளவான கனம். ஜடைக்கு வைக்கிற வில்லைகள் ஒன்றோடொன்று கொக்கியில் மாட்டுவதால் பின்னலோடு வளைந்து கொடுக்கின்றன. அட்டிகை கழுத்தை அறுக்கவில்லை, விளிம்பை நன்றாகவே தேய்த்திருக்கிறார். வங்கி சராசரி.

ஒட்டியாணத்தில்தான் எனக்குத் திருப்தி குறைவு. நடுப் பதக்கம் அருமை, இரண்டு யாளி, நடுவில் தாமரை. ஆனால் பட்டையின் மூட்டு விறைப்பு. அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் நிலையில், இருந்து எழும்போது கீழ் விளிம்பு வயிற்றில் குத்துகிறது என்று மகள் சொன்னாள். திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினோம். மூட்டைத் தளர்த்திக் கொடுத்தார்கள், பரவாயில்லை என்று சொல்லலாம். ஒட்டியாணத்துக்கு அளவு கொடுக்கும்போது நின்றபடி மட்டும் கொடுக்காதீர்கள், அரைமண்டியில் இருந்தும் அளக்கச் சொல்லுங்கள்.

ஜிமிக்கியின் திருகாணி இன்னொரு குறை. மரை கூர்மையாக இருந்து காதைக் கிழித்துவிட்டது. மாற்றித் தந்துவிட்டார்கள், காசு வாங்கவில்லை. கடைசியில் கொடுத்த உருப்படிகள் சொன்ன தேதிக்கு வரவில்லை, அரங்கேற்ற ஒத்திகைக்கு வாடகைப் பிறையைத்தான் வைத்து ஆடினாள். போன் எடுப்பதும் அபூர்வம். பெட்டி தரமாட்டார்கள், பஞ்சில் சுற்றித் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். மாடிப்படி செங்குத்து, முட்டுவலி உள்ளவர்கள் ஏறுவது சிரமம்.

தாங்குமா என்றால், இதுவரை விழுந்தது வங்கியில் ஒரு பச்சைக் கல்லும் மாட்டலில் தொங்கிய முத்து சிலவும். கல்லைப் பதித்துத் தர நூறு ரூபாய்க்குள்தான் ஆனது. பின்பக்க வெள்ளி மழைக்காலத்தில் கறுத்தது, அது வெள்ளியின் குணம். முன்பக்க ரேக்கு நிறம் மங்கவில்லை. இதற்கு முன் வாடகைக்கு எடுத்த செம்புச் செட்டுகளில் ஒரு மார்கம், அதாவது முழு நாட்டிய நிகழ்ச்சி, ஆடி முடிப்பதற்குள் கழுத்தில் பச்சை படியும். அதைத் தேய்த்துக் கழுவிய ராத்திரிகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பராமரிப்புக்கு ஆசாரி சொன்னது: தண்ணீர் படக்கூடாது, ஆடி முடித்ததும் பழைய பருத்தித் துணியால் வியர்வையை ஒற்றி எடுக்க வேண்டும், சென்ட் அடித்துவிட்டு நகை போடக்கூடாது, வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது, அரக்கு இளகிவிடும்.

மகள் முதல் முறை கோயில் மேடையில் இதைப் போட்டு ஆடியது சுசீந்திரத்தில். சோழர் காலக் கல்வெட்டுகளில் சுசீந்திரத்துக்குச் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். நம் கோட்டாறு அன்றைக்கு மும்முடிச்சோழநல்லூர். குந்தவை யாருக்குச் செப்புத் திருமேனி செய்து வைத்தாரோ அதே அப்பாவின் பெயர் நம் பக்கத்து ஊருக்கு இருந்திருக்கிறது. இதை மேடைக்குப் பின்னால் ஜடை கட்டிவிட்டுக்கொண்டே மகளிடம் சொன்னேன். "அப்போ நான் அந்தப் பாட்டி அப்பா ஊர்லயா ஆடப்போறேன்" என்று கேட்டாள்.

அரண்மனைப் பெண்கள் என்றால் நமக்குப் பத்மநாபபுரம் தாய்க்கொட்டாரமும் கண்ணாடியும் கட்டிலும்தான் உடனே நினைவுக்கு வரும். எங்கள் வீட்டிலிருந்து அது கூப்பிடு தூரம், அதன் மரவேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சோழர் வீட்டுப் பெண்கள் சொந்தத்துக்கு வைத்திருந்தது என்ன என்று தேடினால், கையில் கிடைப்பது அவர்கள் கொடுத்ததன் கணக்கு மட்டும்தான். செம்பியன் மாதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டராதித்தரின் தேவி, உத்தம சோழனின் அம்மா. செங்கல் கோயில்களைக் கல்லாக்குவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். கோனேரிராஜபுரம், விருத்தாசலம், ஆடுதுறை, குத்தாலம், திருக்கோடிக்காவல் எல்லாம் அவர் கை பட்ட இடங்கள். திருக்கோடிக்காவலில் பழைய சுவரைப் பிரித்தபோது அதிலிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். முன்னால் கொடுத்தவர்களின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை.

கோனேரிராஜபுரத்தில் கணவர் நினைவாகக் கட்டிய கோயிலில், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவது போல ஒரு சிற்பம் இருக்கிறது. அதே கோயிலில் கட்டுமான வேலை பார்த்த சாத்தன் குணபத்தனுக்கும் உருவம் வெட்டி, கீழே பெயரும் எழுதி வைத்திருக்கிறார். ராஜாவுக்கு உள்ள சுவரில் வேலை செய்தவனுக்கும் இடம். செம்பியன் மாதேவியின் உருவம் என்று பலரும் சொல்கிற செப்புத் திருமேனி இப்போது வாஷிங்டன் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தோள்வளையையும் இடுப்பு அணியையும் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். மெழுகில் ஒவ்வொரு மணியாகச் செதுக்கிய ஸ்தபதி யார் என்று தெரியவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். சாத்தன் குணபத்தனின் பெயர் எனக்குத் தெரிகிறது. அதற்குக் காரணம் ஒரு அரசி அதை எழுதச் சொன்னது.

இதே புத்தி ராஜராஜனின் மகன் ராஜேந்திரனுக்கு அணுக்கியாராக, அதாவது நெருக்கமானவராக, இருந்த பரவை நங்கைக்கும் இருந்திருக்கிறது. திருவாரூர்த் தியாகராசர் கோயிலைக் கற்கோயிலாக்கி, பொன்னும் செம்பும் வேய்ந்தது அவர் காலத்து வேலை. அங்கே ராஜாவும் பரவையும் நின்று சாமி பார்த்த இடம் தெரியும்படி ஒரு குத்துவிளக்கு வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ராஜராஜனின் பட்டத்து அரசி உலோகமாதேவி திருவையாற்றில் கட்டிய உத்தரகயிலாயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. குந்தவை தாதாபுரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தார். இவர்கள் ஒவ்வொருவர் பின்னாலும் தட்டாரும் கன்னாரும் கல்தச்சரும் வருஷக்கணக்கில் வேலை பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அதனால் நானும் ஆசாரியிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். அந்தக் கோடு போட்ட தாளின் அடியில் ராக்கொடி செய்தது யார், ஜடை வில்லை செய்தது யார், கல் பதித்தது யார் என்று பெயர் எழுதச் சொன்னேன். அவர் முதலில் தயங்கினார். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, வில்லை செய்த பையனையே எழுதச் சொன்னார். அவன் எழுத்து கோணல், இனிஷியலோடு முழுப் பெயர். அரங்கேற்ற அழைப்பிதழில் நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் என்று அச்சடிக்கிறோமே, அதற்குக் கீழே அவர்கள் சம்மதத்தோடு அணி செய்தவர்கள் என்று இவர்கள் பெயரையும் போட்டோம். ஆசாரி வீட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். "மக்களே, ராக்கொடி ஆடுதா?" என்று மட்டும் ஆசாரி மகளிடம் கேட்டார். ஆடவில்லை என்றாள்.

செய்யக் கொடுக்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். பழைய வெள்ளி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், எதிரிலேயே நிறுத்துக் கழித்துக்கொள்கிறார்கள். வெள்ளி விலை ஏறி இறங்குவதால் எந்த நாள் விலைக்குக் கணக்கு என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். மார்கழி நிகழ்ச்சிக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே கொடுத்துவிட வேண்டும், நவராத்திரி நெருங்கினால் அவர்கள் கைக்கு ஓய்விருக்காது. முழு செட் கட்டுப்படியாகாதவர்கள் தலைசாமானை மட்டும் கைவேலையில் செய்துவிட்டு மற்றதைச் செம்பில் வாங்கிக்கொள்ளலாம், மேடையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கல் எண்ணிக்கைத் தாளைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். எந்தக் கடையானாலும் கேளுங்கள். நான் அதை லேமினேட் செய்யாமல் துணிப்பையிலேயே வைத்திருக்கிறேன், ஏனென்றால் மாட்டலில் முத்து மாற்றியபோது அதையும் அதே தாளில் தேதி போட்டு எழுத வேண்டியிருந்தது.